தையல் எங்கே இருக்கிறது?

படத்தோடு படம் ஒட்டக் கற்றுக்கொடுக்கும் வகுப்பில் முதல் நாளே வந்துவிடும் கேள்வி ஒன்று உண்டு. "சார், என்னை விஜய் பக்கத்துல நிக்க வைக்க முடியுமா?" முடியும் என்று சொன்னதும் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். இன்னொரு கேள்வி மூன்றாவது, நான்காவது வாரத்தில்தான் வரும். பெரும்பாலும் பின்வரிசையிலிருந்து, கொஞ்சம் தயங்கி. "சார், இது தப்பில்லையா?"

முதல் கேள்விக்கு ஒன்றரை மணி நேரத்தில் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவது கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரை.

பிழைப்புக்கு மென்பொருள் எழுதுகிறவன் நான். ஊர் கடலூர். மாதத்தில் இரண்டு வார இறுதிகளில் நண்பர்களோடு சேர்ந்து கல்லூரி மாணவர்களுக்குப் பட எடிட்டிங் சொல்லிக்கொடுக்கிறோம். ஒரு வாரம் கடலூர், ஒரு வாரம் சிதம்பரம். காசு கிடையாது. போட்டோஷாப் உரிமம் வாங்கவும் வசதி கிடையாது. ஜிம்ப், இல்லையென்றால் பிரவுசரிலேயே ஓடும் ஃபோட்டோபீ. வருகிறவர்களில் பாதிப்பேர் அண்ணாமலை நகரில் தங்கிப் படிப்பவர்கள். சிலர் ஸ்டுடியோவிலோ ஃப்ளெக்ஸ் கடையிலோ பகுதி நேர வேலை பார்ப்பவர்கள். அவர்களுக்கு இது பொழுதுபோக்கு இல்லை, மாதச் சம்பளம்.

*

வெட்டுவது எளிது, ஒட்டுவதுதான் கஷ்டம். ஒரு ஆளைப் பின்னணியிலிருந்து பிரித்தெடுப்பதை இப்போது மென்பொருளே ஒரே சொடுக்கில் செய்துவிடுகிறது. அவரை இன்னொரு இடத்தில் கொண்டுபோய் நிற்கவைக்கும்போதுதான் ஊர், வெளிச்சம், நேரம் எல்லாமே எதிர்த்துக் கேள்வி கேட்கும். சில்வர் பீச்சில் சூரியன் கடலிலிருந்து வரும். ஆகவே காலையில் முகத்தின் கடல் பக்கம் வெளிச்சமாக இருக்கும், சாயங்காலம் ஊர்ப் பக்கம். சாயங்காலம் எடுத்த நண்பனை வெட்டி, சூரிய உதயத்துக்கு முன்னால் நிறுத்தினால் நிழலே சாட்சி சொல்லிவிடும். அப்புறம் பாதம் மணலில் தொடும் இடத்தில் ஒரு மெல்லிய கருமை வேண்டும். அது இல்லையென்றால் ஆள் மிதப்பான்.

நிழலை ஒட்டுவதற்கு மல்டிப்ளை. பெயரிலேயே இருக்கிறது, பெருக்கல்தான். கறுப்பு 0, வெள்ளை 1 என்று வைத்துக்கொண்டு மேலே உள்ள படத்தின் புள்ளியையும் கீழே உள்ள படத்தின் புள்ளியையும் பெருக்கினால் வெள்ளை காணாமல் போகும், இருட்டு தங்கும். இதைவிடச் சாமர்த்தியமான ஒரு முறையை 2003-ல் பெரெஸ், காங்னே, பிளேக் என்ற மூன்று ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். ஒட்டப்படும் துண்டின் நிறங்களை அப்படியே எடுக்காமல், அந்தத் துண்டுக்குள் புள்ளிக்குப் புள்ளி உள்ள வித்தியாசங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். விளிம்பின் நிறம் புதிய ஊரின் நிறம். உள்ளே இருப்பதெல்லாம் அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும். பின்னணி தன் இடத்தில் அசையாமல் இருக்கும், வந்தவர்தான் மாற வேண்டும். இதைச் சொன்னபோது ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் ஒரு பையன், "எங்க கதைதான் சார்" என்றான்.

ஆக, நல்ல ஒட்டு என்றால் என்ன? பார்ப்பவர் கண்ணுக்கு ஒட்டே தெரியாதது. இந்த வரையறையை எழுதிக்கொடுக்கும் இடத்தில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. நல்ல பொய்க்கும் இதே வரையறைதான்.

*

"அந்தக் காலத்து போட்டோவெல்லாம் உண்மை, இந்த போட்டோஷாப் வந்துதான் எல்லாம் கெட்டது" என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். போட்டோஷாப்பின் முதல் பதிப்பு விற்பனைக்கு வந்தது 1990 பிப்ரவரியில். லேயர் வசதி 1994-ல்தான் வந்தது. ஆனால் ஒட்டுவது அதைவிட மிகப் பழையது. 1857-ல் ஆஸ்கர் ரெய்லாண்டர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படமாக அச்சிட்டார். அடுத்த வருடம் ஹென்றி பீச் ராபின்சன், சாகக்கிடக்கும் ஓர் இளம்பெண்ணும் சுற்றி அவள் குடும்பமும் இருப்பதுபோல ஐந்து நெகட்டிவ்களிலிருந்து ஒரு படம் செய்தார். அந்தப் பெண் சாகவில்லை, மாடலாக நடித்தாள். நம் ஊரில் 1940-ல் வந்த 'உத்தமபுத்திரன்' படத்தில் பி.யு.சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்தார். அந்தக் காலத்து இரட்டை வேடக் காட்சிகளுக்கு அடிப்படை லென்ஸின் ஒரு பாதியை மறைத்துப் படம்பிடித்து, ஃபிலிமைப் பின்னால் சுற்றி, மறுபாதியை மறைத்து மறுபடி பிடிப்பது. இன்று மாஸ்க் என்று நாங்கள் சொல்லிக்கொடுப்பது அதேதான்.

சின்னப்பா ஒருவர் இருவராக நின்றதைப் பார்த்து யாரும் ஏமாற்றப்பட்டதாகச் சொல்லவில்லை. கைதட்டினார்கள். ஏன்? டிக்கெட் வாங்கும்போதே ஓர் ஒப்பந்தம் ஆகிவிட்டது. "இது நடந்தது" என்று சினிமா சொல்வதில்லை. "இப்படி நடந்ததாக வைத்துக்கொள்" என்றுதான் சொல்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கம் ஓர் உதாரணம். 2015 டிசம்பர் 3, சென்னை வெள்ளத்தைப் பிரதமர் வானிலிருந்து பார்வையிட்டார். அன்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் ஒரு படத்தை ட்வீட் செய்தது. பிரதமர் ஜன்னல் வழியே பார்க்கிறார், ஜன்னலுக்கு வெளியே மூழ்கிய கட்டடங்கள் பளிச்சென்று தெரிகின்றன. ஒட்டுப் படம் என்பதை ஆட்கள் உடனே கண்டுபிடித்துவிட்டார்கள். படம் நீக்கப்பட்டது. இரண்டு படங்கள் இணைக்கப்பட்டதாகச் சொல்லி அலுவலகம் வருத்தம் தெரிவித்தது.

இந்த விஷயத்தில் கட்சி அரசியலை ஒதுக்கிவைத்துவிட்டு யோசித்துப் பார்க்கலாம். அவர் பறந்தது உண்மை. ஜன்னல் வழியே பார்த்தது உண்மை. வெள்ளம் உண்மை. அதே மழைக்காலத்தில் எங்கள் கடலூர் மாவட்டமும் மூழ்கிக் கிடந்தது, அதனால் வெள்ளத்தைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. படத்தின் ஒவ்வொரு துண்டும் உண்மை. சேர்ந்தபிறகு பொய். 2003-ல் ஈராக் போரின்போது லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் புகைப்படக்காரர் பிரயன் வால்ஸ்கி செய்ததும் இதுதான். பாஸ்ராவில் சில நொடி இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களைச் சேர்த்து, இன்னும் அழுத்தமான ஒரு படம் செய்தார். பின்னணியில் அதே ஆட்கள் இரண்டு முறை தெரிந்ததால் மாட்டிக்கொண்டார், வேலை போனது.

பொய் புள்ளிகளில் இல்லை என்பது இவற்றிலிருந்து தெரிகிறது. படம் எந்த வாக்குறுதியோடு கையில் கொடுக்கப்படுகிறதோ அந்த வாக்குறுதியில் இருக்கிறது. செய்திப்படம் "கேமரா இதைப் பார்த்தது" என்று வாக்குக் கொடுக்கிறது. சினிமா போஸ்டர் கொடுப்பதில்லை. கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் பனிமலைக்கு முன்னால் நிற்பார்கள், அவர்கள் விருத்தாசலத்தைத் தாண்டிப் போகவில்லை என்று ஊருக்கே தெரியும். யாருக்கும் வருத்தமில்லை.

மாணவர்களுக்கு ஒரு சோதனை சொல்வேன். ஒட்டு இருப்பது பார்ப்பவருக்குத் தெரிந்துவிட்டால் உன் படம் செய்யும் வேலை நின்றுபோகுமா? நின்றுபோகும் என்றால் அது பொய். தெரிந்த பிறகும் வேலை செய்கிறது என்றால் அது வேறு ஏதோ. பனிமலை பாஸ். தலைவர் தோளில் கைபோட்டதாக ஒட்டி ஃப்ளெக்ஸ் வைத்துத் தெருவில் அதிகாரம் செய்கிறவரின் படம் ஃபெயில்.

*

இந்தச் சோதனையோடு வகுப்பை முடித்துக்கொண்டு நிம்மதியாகப் போயிருக்கலாம். ஆனால் ஸ்டுடியோவில் வேலை பார்க்கும் பிள்ளைகள் விடமாட்டார்கள். அவர்களிடம் வரும் ஒட்டுவேலையில் பெரும்பகுதி நடிகர்களோ தலைவர்களோ இல்லை. செத்துப்போனவர்கள்.

தாத்தாவும் பாட்டியும் சேர்ந்து எடுத்த படமே இருக்காது. அவருக்கு வாக்காளர் அட்டையில் ஒரு சின்னப் படம், அவளுக்கு யாரோ வீட்டுக் கல்யாணத்தில் கூட்டத்தோடு ஒரு படம். முகத்தை வெட்டி, அவருக்கு வெள்ளைச் சட்டை, அவளுக்குப் பட்டுப்புடவை, பின்னால் ஒரு நீலத்திரை. இதை நீங்கள் உங்கள் வீட்டுக் கூடத்திலேயே பார்த்திருப்பீர்கள். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு எங்கள் கடற்கரை ஊர்களில் எத்தனையோ வீடுகளில் மாலை போட ஒரு படம் கிடையாது. ஆல்பம் அலையோடு போயிருந்தது. எங்காவது ஒரு அட்டையில் ஒட்டியிருந்த முகம்தான் மிச்சம். அந்த முகத்துக்கு ஓர் உடம்பு ஒட்டிக்கொடுத்த கைகளைப் பொய் சொன்ன கைகள் என்று என்னால் சொல்ல முடியாது.

கிறிஸ்டோபர் பின்னி என்ற மானுடவியலாளர் மத்தியப் பிரதேசத்தின் நாக்டா ஊர் ஸ்டுடியோக்களைப் பற்றி 1997-ல் 'கேமரா இண்டிகா' என்ற நூல் எழுதினார். அங்கே ஸ்டுடியோவுக்குப் போகிறவர்கள் தாங்கள் எப்படி இருக்கிறார்களோ அதைப் பதிவுசெய்யப் போகவில்லை, எப்படி இருக்க முடியும் என்பதைப் பார்க்கப் போகிறார்கள் என்பது அவர் கவனித்தவற்றில் ஒன்று. ஐரோப்பியச் சிந்தனை இதற்கு நேர்மாறான இடத்திலிருந்து தொடங்குகிறது. ரோலான் பார்த், அம்மா இறந்தபிறகு எழுதிய 'கேமரா லூசிடா'வில் (1980) புகைப்படத்தின் சாரம் "இது இங்கே இருந்தது" என்ற சாட்சியம்தான் என்கிறார். தன் அம்மாவின் ஐந்து வயதுப் படமொன்றைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு அந்தப் படத்தை மட்டும் புத்தகத்தில் அச்சிடவில்லை. நமக்கு அது ஏதோ ஓர் அம்மாவின் படம், அவ்வளவுதானே.

பார்த்துக்குச் சாட்சியம் இருந்தது. ஒரு படமாவது இருந்தது. அதுவும் இல்லாத வீடுகளுக்கு என்ன சொல்வது? நம் ஸ்டுடியோக்காரர்கள் சொன்ன பதில்தான் ஒட்டு. என் சோதனையிலும் அது பாஸ். சட்டை அவருடையது இல்லை என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், தெரிந்தும் படத்துக்கு முன்னால் விளக்கேற்றுகிறார்கள்.

ஆனால் "எல்லோருக்கும் தெரியும்" என்பதற்கு ஓர் ஆயுள் இருக்கிறது. தெரிந்தவர்கள் போய்விடுவார்கள், படம் சுவரிலேயே இருக்கும்.

*

வகுப்பில் ஒரு மாணவி. சிதம்பரத்தில் ஒரு ஸ்டுடியோவில் சாயங்கால வேலை. ஒரு நாள் இந்தக் கேஸைக் கொண்டுவந்தாள்.

முப்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண் தன் கல்யாணப் படத்தோடு வந்திருக்கிறார். பத்துப் பன்னிரண்டு வருடம் முன்னால் கோயிலில் நடந்த கல்யாணம். மாலையோடு இரண்டு பேர், நண்பர்கள் நான்கு பேர். கூடவே அவருடைய அப்பாவின் பாஸ்போர்ட் சைஸ் படம் ஒன்று. "அப்பாவை என் பக்கத்துல நிக்க வெச்சுக் குடும்மா." செய்யலாம்க்கா என்று இவள் வாங்கிக்கொண்டாள். அப்போதே இறந்துவிட்டாரா என்று பேச்சுவாக்கில் கேட்டிருக்கிறாள். "இல்ல பாப்பா. அப்ப இருந்தாரு. வேற ஜாதின்னு வரல. போன வருஷந்தான் போனாரு." கொஞ்ச நேரம் கழித்து அவரே சொல்லியிருக்கிறார்: "அவரு வரலைன்னு எனக்குத் தெரியும். என் பையனுக்குத் தெரிய வேணாம்."

வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. "செத்தவரு மன்னிச்சிட்டாருன்னு நாம எப்படி முடிவு பண்றது?" என்றான் ஒருவன். "வராதது அவரு பண்ண தப்பு. அதை ஏன் அந்த அக்கா காலம் பூரா சுவத்துல மாட்டி வெச்சிக்கணும்?" என்றாள் இன்னொருத்தி. இரண்டு பேர் சொன்னதும் சரி என்பதுதான் இதில் உள்ள தொல்லை.

திருக்குறளில் இதற்கு இடம் இருப்பதுபோலத் தோன்றும். யாருக்கும் தீங்கு இல்லாத சொல்தான் வாய்மை என்கிறார் வள்ளுவர். குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத்தக்கது என்கிறார். இமானுவேல் கான்ட் இதை ஒத்துக்கொள்ளவே மாட்டார். கொலைகாரனிடம்கூடப் பொய் சொல்ல உரிமை இல்லை என்று 1797-ல் ஒரு கட்டுரையே எழுதியவர். எனக்கு வள்ளுவர் பக்கம்தான் சாய்வு. ஆனால் அவர் போட்ட நிபந்தனை சின்னதில்லை. வெறும் நன்மை போதாது, குற்றமற்ற நன்மையாக இருக்க வேண்டும். வாய்மை அதிகாரம் இருப்பதும் துறவறவியலில். நம் பிரச்சினையோ கல்யாண ஆல்பம்.

அந்த அப்பாவை ஒட்டினால் யாருக்குத் தீங்கு? முதலில் எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. பையன் சந்தோஷமாக வளர்வான். அப்பா இல்லை, கோபப்பட மாட்டார். யோசித்துக்கொண்டே இருந்தபோதுதான் தீங்கு யாருக்கு என்று தெரிந்தது. அந்தப் பெண்ணுக்கே.

இந்த மாவட்டத்தில் அப்பா கல்யாணத்துக்கு வரவில்லை என்பது சின்னச் செய்தி இல்லை. கண்ணகி, முருகேசன் இருவரும் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். சாதி கடந்து கல்யாணம் செய்துகொண்டதற்காக 2003-ல் விருத்தாசலம் பக்கத்தில் கொல்லப்பட்டார்கள். கடலூர் நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தது 2021 செப்டம்பரில். பதினெட்டு வருடம். அந்தத் தீர்ப்புக்குக் காத்திருந்த அதே வருடங்களில்தான் இந்தப் பெண் நான்கு நண்பர்களை மட்டும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போயிருக்கிறார். படத்தில் அப்பா இல்லாத அந்த வெற்றிடம் அவருடைய துணிச்சலின் அளவு. அப்பா பக்கத்தில் நின்றுவிட்டால் அந்தக் கல்யாணம் எல்லாக் கல்யாணத்தையும் போல ஒரு கல்யாணம். அம்மா என்ன செய்தாள் என்பது பையனுக்குத் தெரியாமலே போய்விடும். அப்பாவின் தப்பை மறைக்கப் போய் அம்மாவின் வீரத்தையும் சேர்த்து மறைக்க வேண்டியிருக்கிறது. இரண்டும் ஒரே லேயரில் இருக்கின்றன, தனித்தனியாகப் பிரிக்க முடியாது.

இதைச் சொன்னேன். அந்த மாணவி கேட்டாள்: "அந்த அக்காவுக்கு வீரமே வேணாம்னா சார்? அப்பாதான் வேணும்னா?"

*

இங்கே இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொள்கிறது. ஒட்டப்படுகிறவருக்கு ஏதாவது உரிமை உண்டா?

2024 ஜனவரியில் டி.ஆர்.பாலுவின் நூல் வெளியீட்டு விழாவில் மு.கருணாநிதி திரையில் தோன்றி வாழ்த்தினார். கறுப்புக் கண்ணாடி, மஞ்சள் துண்டு, அதே குரல். தன் மகனின் தலைமையையும் பாராட்டினார். அவர் இறந்தது 2018 ஆகஸ்ட் 7. செயற்கை நுண்ணறிவால் செய்த வீடியோ என்பது அரங்கில் இருந்தவர்களுக்குத் தெரியும். என் முதல் சோதனைப்படி அது பாஸ். ஆனாலும் ஏதோ நெருடுகிறது இல்லையா? ஒருவரை ஓர் இடத்தில் நிறுத்துவது வேறு, அவர் வாயில் சொல்லை வைப்பது வேறு. அதே மாதம் 'லால் சலாம்' படப் பாட்டில் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலும் கேட்டது. இருவருமே அப்போது உயிரோடு இல்லை. குடும்பங்களிடம் அனுமதி வாங்கி, உரிய பணமும் கொடுத்ததாக ஏ.ஆர்.ரகுமான் தெரிவித்தார். பாடகரின் குரல் பாடுகிறது, வாழ்நாளெல்லாம் அந்தக் குரல் செய்த வேலையைத்தான் செய்கிறது. கருத்துச் சொல்லவில்லை.

ஆகவே இரண்டாவது சோதனை: உயிரோடு இருந்தபோது அவர் செய்ததற்கும் சொன்னதற்கும் நேர் எதிராக அவரை நிறுத்துகிறாயா? தாத்தாவையும் பாட்டியையும் சேர்த்து உட்காரவைப்பதில் எதிர் எதுவும் இல்லை, வாழ்ந்ததே அப்படித்தான். கல்யாணத்துக்கு வர மறுத்த அப்பாவை மணவறையில் நிறுத்தினால் மறுத்தவரைச் சம்மதிக்கவைக்கிறோம். ஒருவரின் மறுப்பு எவ்வளவு மோசமானதாக இருந்தாலும் அது அவருடையது. அதைத் திருத்துகிற அதிகாரம் என் மவுஸுக்கு எங்கிருந்து வந்தது?

இதே சோதனைதான் மார்ஃபிங்கிலும் முதலில் உடைவது. எங்கள் வகுப்புக்கு வரும் பெண்கள் பலருக்கு 'பிளெண்டிங்' என்ற சொல்லுக்கு முன்பே 'மார்ஃபிங்' தெரியும். பாதிப்பேரின் வாட்ஸப் டிபியில் ரோஜாப்பூதான் இருக்கும். காரணம் கேட்க வேண்டியதில்லை. 2016-ல் சேலம் மாவட்டத்தில் ஓர் இளம்பெண், முகநூலில் மார்ஃப் செய்த தன் படங்கள் வந்ததால் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்தப் படத்தைச் செய்யத் தேவையான திறமை என்னுடைய மூன்றாவது வாரப் பாடத்துக்குள் அடங்கிவிடும். இதைத் தெரிந்துகொண்டுதான் ஒவ்வொரு மூன்றாவது வாரமும் வகுப்பெடுக்கிறேன்.

சொல்லிக்கொடுத்தவன் பொறுப்பா? இது 2400 வருடப் பழைய கேள்வி. பிளேட்டோவின் 'கோர்கியாஸ்' உரையாடலில் பேச்சுக்கலை ஆசிரியர் கோர்கியாஸ் ஒரு வாதம் வைக்கிறார். குத்துச்சண்டை கற்றவன் தன் அப்பாவையே அடித்தால் ஆசானை ஊரைவிட்டுத் துரத்துவீர்களா? திறமை நல்லது, கெடுத்துப் பயன்படுத்தியவன்தான் குற்றவாளி. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பிறகு சாக்ரடீஸ் மடக்கிக் கேட்கும்போது, மாணவனுக்கு நியாயம் அநியாயம் தெரியாவிட்டால் அதையும் தன்னிடமே கற்றுக்கொள்வான் என்று வாய்விட்டுவிடுகிறார். அங்கேதான் மாட்டிக்கொள்கிறார். கற்றுக்கொடுக்கிறேன் என்றால் பொறுப்பும் உண்டு.

சாக்ரடீஸ் மடக்கியது இருக்கட்டும். வகுப்பறையில் நான் பார்த்தது இன்னும் நேரடியானது. 'வெறும் திறமை' என்று ஒன்றை யாராலும் சொல்லிக்கொடுக்க முடியாது. எதற்கு மார்க் போடுகிறேனோ அது ஏற்கெனவே ஓர் அறம். "ஒட்டு யாருக்கும் தெரியவில்லை, பத்துக்குப் பத்து" என்று சொல்லும்போது பிடிபடாமல் இருப்பதே பெருமை என்றும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்துவிடுகிறேன். கடைசி நாளில் பத்து நிமிடம் ஒழுக்கப் பேச்சுப் பேசி இதைச் சரிக்கட்ட முடியாது.

அதற்காகக் கற்றுக்கொடுக்காமல் இருக்கலாமா என்றால், கூடாது. ஒட்டத் தெரிந்தவர்களுக்குத்தான் ஒட்டு கண்ணில் படும். நிழல் எந்தப் பக்கம், விளிம்பில் ஏன் மங்கல், கழுத்துக்கு மேலே ஒரு நிறம் கீழே ஒரு நிறம் ஏன் என்று கேட்கத் தெரிந்த ஒரு பெண்ணை இன்னொருவர் ஒட்டிய படத்தைக் காட்டி மிரட்டுவது கொஞ்சம் கஷ்டம். அவளுடைய அம்மாவுக்கும் அண்ணனுக்கும் அவளே விளக்கிச் சொல்லிவிடுவாள்.

*

சிதம்பரத்தில் வகுப்பெடுப்பதில் ஒரு வசதி, மாஸ்க்கை விளக்க உதாரணம் தேட வேண்டியதில்லை. நடராசர் செய்யும் ஐந்தொழில் என்னென்ன? படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். கோயில் ஊர்ப் பிள்ளைகள் கடகடவென்று சொல்லிவிடுவார்கள். அழித்தல் ஏற்கெனவே பட்டியலில் இருக்கும்போது மறைத்தல் என்று தனியாக ஒன்று எதற்கு? இரண்டும் வேறு வேறு தொழில் என்பதால்தான். பதினான்காம் நூற்றாண்டில் இதே ஊர்ப்பக்கம் வாழ்ந்த உமாபதி சிவம் போன்ற சைவ சித்தாந்த ஆசிரியர்களுக்கு மறைத்தலும் அருளின் ஒரு வகைதான். உயிர் பக்குவப்படும்வரை ஒன்றைக் காட்டாமல் வைத்திருப்பது. பக்குவம் வந்ததும் மறைப்பு விலகும். சிற்சபையில் திரை விலக்கினால் தெரிவதும் ஒரு வெளிதான், தொங்கும் பொன் வில்வ இலைகள் மட்டும்.

மென்பொருளில் எரேசர் அழித்தல். மாஸ்க் மறைத்தல். எரேசரால் தேய்த்த புள்ளி, கோப்பைச் சேமித்து மூடியபிறகு திரும்பி வராது. மாஸ்க்கில் கறுப்புப் பூசினால் மறையும், வெள்ளை பூசினால் திரும்பி வரும். தொழில் தெரிந்தவர்கள் எரேசரைத் தொடுவதில்லை. அவர்கள் அதற்குச் சொல்லும் காரணம் வசதி, வாடிக்கையாளர் மனம் மாறினால் திருத்தலாம். எனக்கு இதில் ஒரு நெறியும் தெரிகிறது. மறைக்கலாம், ஆனால் திறக்க வழி இல்லாமல் மறைக்கக்கூடாது. இன்றைக்குத் தெரிய வேண்டாம் என்று ஓர் அம்மா நினைக்கலாம். என்றைக்குமே தெரிய முடியாதபடி செய்ய அவருக்கும் உரிமை இல்லை, எங்களுக்கும் இல்லை.

இதைப் படத்தின் கோப்புக்குள்ளேயே பதிந்துவைக்க இன்று தொழில்நுட்பமும் இருக்கிறது. அடோபி 2019-ல் தொடங்கிவைத்த முயற்சி, 2021-லிருந்து பல நிறுவனங்கள் சேர்ந்து வகுக்கும் பொதுத்தரம். எந்தப் படம், யார் திருத்தினார், என்ன திருத்தினார் என்று கோப்போடு கூடவே போகும். பொறியாளனாக எனக்கு அது பிடித்திருக்கிறது. ஆனால் ஒரே ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும், எல்லாம் போய்விடும். அச்சிட்ட படத்தின் பின்பக்கத்தில் எழுதிய ஒரு வரி அவ்வளவு சுலபமாகப் போகாது.

அதனால் எங்கள் வகுப்பில் மார்க் இப்படி: ஒட்டு கண்ணுக்குத் தெரியாததற்குப் பாதி. மீதிப் பாதி, மூலப்படங்கள் தனியாக இருக்கின்றனவா, லேயர்களுக்குப் பெயர் இருக்கிறதா, லேயர்களோடு கோப்பு சேமித்திருக்கிறதா, கீழே அல்லது பின்னால் ஒரு வரி எழுதியிருக்கிறதா என்பதற்கு. படத்துக்குள் தையல் தெரியக்கூடாது. படத்துக்கு வெளியே தையல் எங்காவது இருந்தாக வேண்டும். இரண்டாவது பாதியில் ஃபெயிலானவர்கள்தான் நிறைய. லேயருக்குப் பெயர் வைப்பது போரடிக்கிறதாம்.

பின்வரிசைக் கேள்விக்கு நான் இப்போது சொல்லும் பதில் இதுதான்: ஒட்டுவது தப்பில்லை. ஒட்டிய இடத்தை மறைப்பதும் தப்பில்லை. ஒட்டியதை மறைப்பது தப்பு. ஒருவர் உயிரோடு இருந்தபோது கொடுக்காத சம்மதத்தை அவர் முகத்தில் ஒட்டுவது பெரிய தப்பு.

அந்த மாணவி என் வாதத்தை முழுசாக ஏற்கவில்லை. படத்தைச் செய்துகொடுத்தாள். அந்த அக்காவின் வீடு, அந்த அக்காவின் சுவர், முடிவு அவருடையது என்றாள். அதுவும் நியாயம்தான். எனக்கும் அவளுக்கும் அந்த விஷயத்தில் இன்னும் சண்டை உண்டு. ஆனால் இரண்டு விஷயங்கள் சொன்னாள். பாஸ்போர்ட் படத்தில் அப்பாவின் முகம் இறுக்கமாக இருந்ததால், "லேசா சிரிக்க வெக்கட்டுமாக்கா?" என்று கேட்டிருக்கிறாள். மென்பொருளில் அதற்கும் ஒரு பட்டன் இருக்கிறது. "வேணாம் பாப்பா. அவரு சிரிச்சு நான் பாத்ததே இல்ல" என்று சொல்லிவிட்டாராம். அச்சு எடுத்து ஃபிரேமில் போடுவதற்கு முன்னால், பின்பக்கம் கல்யாணத் தேதியை எழுதி, அப்பாவின் படம் பிறகு சேர்க்கப்பட்டது என்று ஒரு வரியும் சேர்த்து எழுதியிருக்கிறாள். எழுதியதை அவரிடம் காட்டியும் இருக்கிறாள்.

"என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"படிச்சாங்க சார். ஒண்ணும் சொல்லல. காசு குடுத்துட்டு வாங்கிட்டுப் போனாங்க."